தனியாக ‘இல்லை’ சொல்லாத சங்கம்

“சங்கத்துல சேந்தா என்ன மேடம் கிடைக்கும்?” என்று சித்ரா கேட்டபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. கைகள் மட்டும் பெறவில்லை. இலை ஒரு பக்கம், காம்பு ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம் என்று எதையாவது அடுக்கிக்கொண்டே இருக்கின்றன.

சித்ரா காஞ்சிபுரத்து நூலகத்தில் எனக்குக் கீழே உதவியாளராக இருந்தவள். இப்போது சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனி. என்ன வேலை என்று கேட்டேன். கம்ப்யூட்டருக்குள் நூற்றுக்கணக்கில் பக்கங்கள் இருக்குமாம். தேடி வருகிறவர் எந்த வழியாக வருவார், எதை எதன் கீழே வைத்தால் அவர் கைக்கு அகப்படும் என்று யோசித்து அடுக்கித் தர வேண்டுமாம். “நாம செஞ்சதுதான் மேடம். சம்பளம்தான் வேற” என்று சிரித்தாள்.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு வெளிநாட்டில் சங்கங்கள் உண்டாம். நூலகர்கள் நடத்துவது ஒன்று, தகவலை ஒரு விஞ்ஞானமாகவே படித்தவர்கள் நடத்துவது ஒன்று, மனிதர்கள் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுவதை ஆராய்கிறவர்கள் நடத்துவது ஒன்று. எதற்குச் சந்தா கட்டுவது, கட்டினால் என்ன பிரயோஜனம் என்பதுதான் அவள் கவலை. நான் பதில் சொல்வதற்குள் செவிலிமேட்டுக்கு வரும் டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. ஓடிவிட்டாள். கீரை வெந்து, இறக்கி, ஆறியும் போயிற்று. கேள்வி மட்டும் அடுப்பிலேயே இருந்தது.

ஆகவே சித்ரா, உனக்கும், உன்னைப் போலக் கேட்கிறவர்களுக்கும் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பிறந்தது முசரவாக்கம் பக்கம். அப்பா பிறர் நிலத்தில் உழைத்தவர். மிஷன் பள்ளிக்கூடம் படிக்க வைத்தது. கிரேஸ் என்ற என் பெயரை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, காஞ்சிபுரத்தில் பார்த்தார்கள். இடையில் சென்னையில் நூலகச் சான்றிதழ்ப் படிப்பு. உலகத்தைப் பத்தாகப் பிரி, ஒவ்வொரு பத்தையும் மறுபடி பத்தாகப் பிரி, எல்லாவற்றுக்கும் ஓர் எண் கொடு என்றார்கள். நான் சொக்கிப்போனேன். எங்கள் குடிசைகள் ஊருக்கு வெளியே இருந்தன. எண்களின் ஊரில் வெளியே என்று ஓர் இடமே கிடையாது. எல்லாவற்றுக்கும் உள்ளேதான் இடம். அந்த வயதில் அதைவிடப் பெரிய நற்செய்தி எனக்கு வேறில்லை.

அறுபதுகளின் பாதியில் காஞ்சிபுரத்துக் கிளை நூலகத்தில் சேர்ந்தேன். நூலகர் வேணுகோபால் சார். வீட்டில் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். அவரைத் தவிர அந்த வீட்டில் எல்லோரும் தறியில் உட்கார்ந்தார்கள். அவர் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை. வாசலில் நிழல் தட்டினால் எழுந்துவிடுவார். வந்தவர் உட்காரும்வரை அவரும் உட்கார மாட்டார். கலெக்டர் ஆபீஸ் ஆள் வந்தாலும் அப்படித்தான், கோவில் வாசலில் பூக்கட்டுகிறவள் வந்தாலும் அப்படித்தான்.

அவர் கேள்வி கேட்கும் விதம் ஒன்று உண்டு. அதை நான் கற்றுக்கொள்ள வருஷங்கள் ஆயின. முதலில் “சொல்லுங்க” என்பார். வந்தவர் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவந்த வாக்கியத்தைச் சொல்வார். சார் அதை எழுதிக்கொள்ள மாட்டார். “இன்னொரு தடவ சொல்லுங்க” என்பார். இரண்டாம் தடவையில் ஒத்திகை உதிர்ந்து, உள்ளே இருப்பது கொஞ்சம் தலைகாட்டும். மூன்றாவதாக, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தபடி, “கிடைச்சா அத வச்சு என்ன செய்வீங்க?” என்பார். பலருக்கு இது எரிச்சல். புத்தகம் கேட்டால் கொடுப்பதை விட்டுவிட்டு இதென்ன விசாரணை என்று முகம் சுளிப்பார்கள். ஒருமுறை ஒரு வாத்தியார் வந்து கேரள வரலாறு வேண்டும் என்றார். மூன்றாவது கேள்வியில் தெரிந்தது, பெண்ணை அங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார், பாலக்காட்டில் இறங்கி எந்த ரயில் மாறுவது என்று தெரியவில்லை. சார் ரயில்வே கால அட்டவணையை எடுத்து நீட்டினார். வாத்தியார் வரலாற்றைத் தொடவே இல்லை.

சங்கத்தை ஆரம்பித்ததும் சார்தான். பெயர்ப்பலகை இல்லை, ரப்பர் ஸ்டாம்பு இல்லை. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மத்தியானம், நூலகத்தை மூடிய பிறகு, வாசிப்பு மேசையைச் சுற்றி உட்காருவோம். கல்லூரி நூலகர், ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பழைய சீட்டுகளைக் காப்பவர், வாலாஜாபாத், செங்கல்பட்டு என்று சுற்றுப்பட்டு ஊர்களில் வாசகசாலை நடத்துகிறவர்கள். பத்துப் பேர் வந்துவிட்டால் அது எங்களுக்கு மாநாடு. சந்தாவாகப் பணம் வாங்கவில்லை. எழுதாத அஞ்சலட்டைகள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அட்டைகள் எதற்கென்றால், சங்கத்துக்கு ஒரே ஒரு விதி இருந்தது. தேடி வந்தவரிடம் தனியாக ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. நம்மிடம் இல்லையென்றால் கேள்வியை அட்டையில் எழுதி மற்ற எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். அவர்களும் தேடி இல்லை என்றெழுதிய பிறகுதான், “எங்கள் யாரிடமும் இல்லை” என்று சொல்ல நமக்கு வாய் உண்டு. அட்டை எழுதுவதற்கும் ஒரு முறை வகுத்திருந்தோம். எந்தத் தொழில் என்பது முதலில், பிறகு அதில் எந்தப் பகுதி, நேர்ந்தது என்ன என்பது கடைசியில். அலமாரிகளும் அந்த வரிசையில்தானே நிற்கின்றன. அட்டையைப் பார்த்ததும் கால் நேராக உரிய அலமாரிக்குப் போய்விடும். இந்த ஒழுங்கில் எங்கள் எல்லோருக்கும் ஒரு கர்வம் இருந்தது.

பாஷா பாய் சேர்ந்தபோது மட்டும் ஒரு சலசலப்பு. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கிடங்குகளில் வேலை செய்கிறவர்களுக்காக ஒரு படிப்பறை. அதற்கு அவர் பொறுப்பு. கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். ‘முறையாகப் படித்த நூலகர்கள் மட்டும் இருந்தால் நல்லது’ என்று கல்லூரி நூலகர் மெல்ல ஆரம்பித்தார். படிப்பு மட்டுமா காரணம் என்று எனக்குத் தெரியும். பட்டும் கோவிலுமாக வாழ்கிற ஊரில் தோலைச் செருப்போடு சேர்த்து வெளியே விட்டுவிட்டுத்தான் வருவார்கள். என்னைச் சேர்த்தபோதும் யாரோ தண்ணீர் டம்ளரைப் பற்றி முணுமுணுத்தது என் காதில் விழத்தான் செய்தது.

சார் பாஷா பாயிடம் ஒன்றுதான் கேட்டார். உங்களிடம் வருகிறவர்கள் என்ன கேட்பார்கள்?

“பாதி பேரு பேப்பர் கேப்பாங்க சார். மீதி பேரு தூங்கறதுக்கு எடம் கேப்பாங்க. ரெண்டு பேர்கிட்டயும் இல்லன்னு சொன்னதில்ல.”

சார் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதோடு பாஷா பாய் சங்கத்தில் சேர்ந்தாயிற்று.

இனி கன்னியம்மா.

ஒரு மத்தியானம். புழுக்கம். வாசலில் ஒரு பெண், உள்ளே வருவதா வேண்டாமா என்று படியை அளந்துகொண்டு நின்றாள். சார் வழக்கம்போல எழுந்தார். தன்னை விரட்டத்தான் எழுகிறார் என்று நினைத்து அவள் மளமளவென்று இரண்டு படி இறங்கிவிட்டாள். நான் போய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தேன். வீடுகளில் பட்டிழை சுற்றிக் கொடுக்கிற வேலை செய்பவள் என்று விரலைப் பார்த்தாலே தெரிந்தது. உட்காரவில்லை. ஆகவே சாரும் உட்காரவில்லை.

“யம்மா, சாயத் தண்ணி கையத் தின்னுமா? அப்டின்னு எழுதன பொஸ்தகம் இருக்குதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“இன்னொரு தடவ சொல்லுங்கம்மா” என்றார் சார்.

இரண்டாம் தடவையில் எல்லாம் வந்தது. அவள் புருஷன் ஏகாம்பரம் ஒரு சாயப்பட்டறையில் கறுப்புத் தொட்டி பார்க்கிறவர். பட்டு நூலைக் கொம்பில் மாட்டி, சாயத்தில் முக்கி, புரட்டி, பிழிந்து எடுக்க வேண்டும். எல்லாம் வெறும் கையால். சில மாதமாக விரல் முட்டிகளில் புண். தெரு ‘பெருவியாதி’ என்று முடிவு கட்டிவிட்டது. குஷ்டத்தை அந்தப் பெயரில்தான் சொல்வார்கள், சொன்னாலே ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. பட்டறை மேஸ்திரி வேலைக்கு வராதே என்றுவிட்டார். குழாயடியில் அவர்கள் குடத்தை வரிசையில் வைக்க விடுவதில்லை. வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு களிம்பு கொடுத்து, பெருவியாதிக்காரர்களைப் பார்க்கும் கிழமையில் வா என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வரிசையில் போய் நின்றால் அத்தோடு தீர்ந்தது. வியாதி இருக்கிறதோ இல்லையோ, ஊர் முத்திரை குத்திவிடும். அவளுக்கு மட்டும் சந்தேகம், இது தொட்டியிலிருந்து வந்தது என்று. சொன்னால் கேட்பார் இல்லை.

சார் கண்ணாடியைத் துடைத்தார். “கிடைச்சா அத வச்சு என்னம்மா செய்வீங்க?”

“தூக்கிக்கினு போயி கொழாயாண்ட நிப்பேன் சார். எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சவங்க பாத்துட்டுச் சொல்லட்டும்.”

தேடினோம். பட்டு என்ற பிரிவில், சாயம் என்ற பிரிவில், இரசாயனத்தில். கறுப்பைப் பட்டில் எப்படி ஏற்றுவது என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ஏற்றுகிறவன் கை என்ன ஆகும் என்று ஒரு வரி இல்லை. மருத்துவப் பிரிவில் தோல் வியாதிகள் பற்றி இரண்டு புத்தகங்கள் இருந்தன. அவற்றில் சாயப்பட்டறை இல்லை. சார் அட்டை எழுதினார்: ‘பட்டு. சாயமேற்றல். கறுப்பு. தொழிலாளர் கைப்புண்.’ முறைப்படி, தொழில் முதலில். நான் பிரதிகள் எழுதித் தபாலில் போட்டேன்.

பதில்கள் வரத் தொடங்கின. இல்லை. இல்லை. வருந்துகிறோம், இல்லை. பாஷா பாயின் பதில் நீளமாக இருந்தது: பட்டைப் பற்றித் தங்கள் படிப்பறையில் ஒரு துணிக்கடை விளம்பரம்கூடக் கிடையாது, சாருக்கு சலாம். கன்னியம்மா இழை வாங்கப் போகிற வழியில் தினமும் எட்டிப் பார்ப்பாள். “வந்துச்சாமா?” என்பாள். இன்னும் வரவில்லை என்று நான் தலையை ஆட்டுவேன். அந்தத் தலையாட்டலுக்கு அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசி அட்டையும் வந்துவிட்டது. விதிப்படி இனி “எங்கள் யாரிடமும் இல்லை” என்று சொல்லலாம். சார் சொல்லவில்லை. பதில் அட்டைகளை மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். எல்லா அட்டையிலும் மேலே ‘பட்டு’ என்று அவர் எழுதிய வார்த்தையே திரும்பி வந்திருந்தது. பிறகு, ஞாயிற்றுக்கிழமை அந்தம்மாவைச் சங்கத்துக்கு வரச் சொல் என்றார். கேள்வி கேட்டவர் யாரும் அதுவரை சங்கத்துக்கு வந்ததில்லை. எங்களிடம் கேள்விகள்தான் வரும், ஆட்கள் வருவதில்லை.

ஞாயிறு வந்தது. கன்னியம்மா தனியாக வரவில்லை. பின்னால் ஏகாம்பரம். தோளில் துண்டு, துண்டுக்குள் கைகள். உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒருவர், யாரென்று சொல்ல மாட்டேன், நாற்காலியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டார். தரையில் அது உரசிய சத்தம் எனக்குப் புதிதல்ல. சின்ன வயதிலிருந்து கேட்ட சத்தம்.

சார் எழுந்து, உள்ளே வாங்க என்றார். ஏகாம்பரம் அசையவில்லை. அவர் உட்காராததால் சார் உட்காரவில்லை. சார் நிற்பதால் நாங்களும் ஒவ்வொருவராக எழுந்தோம். கல்லூரி நூலகர்கூட எழுந்தார். அப்படியே நின்றபடிதான் அன்றைய கூட்டம் நடந்தது.

“நம்ம அட்டைய மறந்துடுங்க. அவங்க சொல்லட்டும்” என்றார் சார்.

கன்னியம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். “மொதல்ல மொளவு அளவுல சேப்பா ஒண்ணு வந்துச்சி. அப்பறம் நடுவுல குழி வுழுந்துச்சி. ஆசாரி துறப்பணம் வச்சி துருவன மாதிரி வட்டமா. சுத்தி கரை கட்டிக்கினு தடிப்பா இருக்குது. வலிக்குதான்னு கேட்டா இல்லன்றாரு. அதான் அவங்க அப்டி சொல்றாங்க. காலைல எழுந்தா மூக்குல ரத்தம்.”

வெளியிலிருந்து ஏகாம்பரம் முதல்முறையாக வாய் திறந்தார். “வலி இல்லீங்க. புளித்தண்ணி பட்டா மட்டும் காந்தும்.”

பாஷா பாய் வெற்றிலை மென்றுகொண்டிருந்தவர், மெல்லுவதை நிறுத்தினார். அந்தப் பெரிய உடம்போடு மேசையைச் சுற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போனார். ஏகாம்பரத்தின் துண்டை விலக்கி, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். ஏகாம்பரம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்; பாய் விடவில்லை. அந்தக் கையை யாரும் தொட்டு எவ்வளவு நாளாயிற்றோ. கன்னியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“தொட்டில இன்னா உப்புபா போடற?”

“கட்டி கட்டியா ஆரஞ்சு கலர்ல வரும் பாய். தண்ணில கரைச்சா மஞ்சளா ஆவும். அது போட்டாத்தான் கறுப்பு ஓடாம நிக்கும்.”

பாஷா பாய் கையை விடாமலே தலையை மட்டும் எங்கள் பக்கம் திருப்பினார். “இன்னா வேணு சார், இத போயி பட்டுன்னு எழுதிட்டீங்களே. இது எங்க ஊரு ஓட்டை சார். குரோம் உப்புத் தொட்டில கைய வுடறவங்க எத்தினி பேருக்கு இருக்குது தெரியுமா? அதப்பத்தி தலகாணி மாதிரி ஒரு பொஸ்தகம் எங்ககிட்ட கெடக்குது. தலகாணின்னா நெஜமாவே தலகாணி. டெய்லி ஒருத்தன் அது மேல தல வச்சித்தான் தூங்கறான்.”

சங்கத்தின் பதில் சங்கத்துக்குள்ளேயே, ஒருவன் தலைக்கு அடியில் இருந்திருக்கிறது. பட்டு என்று கேட்டோம், எல்லோரும் பட்டு அலமாரிக்கு ஓடினோம், அங்கே இல்லை என்று ஒழுங்காகத் திரும்பி வந்தோம். தோல் கிடங்கில் தோலைப் பதனிடுகிற உப்பும் பட்டறையில் கறுப்பை நிறுத்துகிற உப்பும் ஒரே குடும்பம் என்பது அந்த மேசையைச் சுற்றியிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டும் வேறு வேறு எண், வேறு வேறு அலமாரி. ஊரிலும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்.

“கைய முதல்ல எழுதியிருக்கணும்” என்றார் சார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

முறைப்படி தொழில்தான் முதலில் வர வேண்டும் என்று கல்லூரி நூலகர் அவருக்கு ஆறுதலாகச் சொன்னார்.

“முறைப்படி சரிதான். அதனாலதான் எல்லாரும் முறைப்படி இல்லன்னு எழுதிட்டோம்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் பாஷா பாயே புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்தார். இங்கிலீஷ் புத்தகம். தோல் தொழிலில் வருகிற நோய்கள் பற்றி ஓர் அத்தியாயம், அதில் ஒரு புகைப்படம்: விரல் முட்டிகளில் வட்டமாகக் குழி விழுந்த ஒரு கை. சாயப்பட்டறைகளிலும் இது வரும் என்று கீழே ஒரு வரி. கன்னியம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். தன் விரலால் அந்தக் கையைத் தடவிப் பார்த்தாள். காகிதம் என்று அவள் விரலுக்குத் தெரியவில்லை.

“யாரு கைமா இது?”

யாரோ வெளிநாட்டுத் தொழிலாளி என்றேன்.

“அவம் பொண்டாட்டி யாராண்ட போயி கேட்டாளோ” என்றாள்.

அந்த வார்த்தையை நான் எந்தப் பிரிவிலும் இதுவரை வைக்க முடியவில்லை.

சார் புத்தகத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நானும் ஏகாம்பரமும் உடன் போனோம். இளவயது டாக்டர். உட்காருங்கள் என்றார், சார் அந்தப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். டாக்டர் படித்தார், மறுபடி படித்தார். பிறகு ஏகாம்பரத்தைக் கண்ணை மூடச் சொல்லி, குழிகளைச் சுற்றிப் பஞ்சால் மெல்லத் தொட்டார். பெருவியாதி என்றால் தொடுவது தெரியாதாம். ஒவ்வொரு தொடலுக்கும் ஏகாம்பரம் “ம்” என்றார். “ம்.” “ம்.” தேர்வு எழுதுகிற பிள்ளைபோல, ஒன்றைக்கூட விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தோடு. மூக்கையும் விளக்கடித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார்: இது அந்த வியாதி அல்ல, சாய உப்பால் வந்த புண், யாருக்கும் ஒட்டாது, இவர் இனி அந்தத் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

சொன்னதுபோலவே கன்னியம்மா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனாள். பிற ஊர்ப் படிப்பறையின் புத்தகம், வெளியே விடக் கூடாதது. சார் தன் பெயரில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் தாளை நான் சத்தமாகப் படித்தேன். கன்னியம்மா படத்தை விரித்துப் பிடித்து, ஒவ்வொரு குடத்தின் முன்னாலும் நின்று காட்டினாள், உற்சவமூர்த்தியை வீதிவலம் கொண்டுவருவதுபோல. வீட்டுக்காரர் நெடுநேரம் பார்த்தார். “பொஸ்தகத்துலயே போட்டுக்கிறான்னா சரிதான்” என்றார். வீடு தப்பியது. எல்லோரும் நம்பினார்கள் என்று சொல்ல மாட்டேன். கன்னியம்மா தண்ணீர் பிடித்துப் போன பிறகு குழாயைப் புளி போட்டுத் தேய்க்கிற பெண் ஒருத்தி அந்தத் தெருவில் வெகுகாலம் இருந்தாள். மேஸ்திரி ஏகாம்பரத்தை மறுபடி எடுத்துக்கொண்டார், சாயமேறிய நூலை வெயிலில் உலர்த்துகிற வேலைக்கு. குழிகள் ஆறித் தழும்பாயின. மூக்கின் உள்சுவரில் விழுந்த துளை மட்டும் மூடவில்லை. அவர் பேசினால் கூடவே மெல்லிய சீழ்க்கை ஒன்று கேட்கும்.

புத்தகத்தைத் திருப்பி அனுப்பிய அன்று சார், புத்தகங்களைத் தேட நூலகத்தில் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் புதிதாக ஓர் அட்டை சேர்த்தார். பட்டு என்ற பிரிவில், சாயத்துக்கு அடுத்து: ‘கையில் குழிப்புண் என்றால், தோல் பதனிடுதல் என்பதையும் பார்க்க. ராணிப்பேட்டைப் படிப்பறையில் கேட்க.’ கன்னியம்மா அதைப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லோருக்கும் தோன்றாததைக் கேட்டாள். “என்னாட்டம் படிக்கத் தெரியாதவ வந்து தேடினா?” சார் யோசித்தார். அட்டைக்கு மேலே வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு சின்ன அட்டைத்துண்டை ஒட்டி, அதில் பேனாவால் ஒரு கை வரைந்தார். முட்டிகளில் குட்டிக் குட்டி வட்டம். படம் வரைய அவருக்கு வராது. கத்தரிக்காய்க்கு விரல் முளைத்த மாதிரி இருந்தது. கன்னியம்மா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

அந்த அட்டைக்கும் ஆபத்து வந்தது. நூலக ஆலோசனைக் குழுவில் இருந்த ஒரு பட்டு வியாபாரி பார்த்துவிட்டார். பட்டுக்குப் பக்கத்தில் தோலா, வெளியூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்கள், எடுத்துவிடுங்கள் என்றார். சார் மறுக்கவில்லை. எடுத்துவிடுகிறேன், இனி கேட்டு வருகிறவர்களுக்கு ‘இல்லை’ என்று நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அதை அந்த இடத்தில் வைக்கிறேன் என்று ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார். வியாபாரி பேனாவைக் கையில் எடுக்கவில்லை. அட்டை அங்கேயே இருந்தது.

அதன் பிறகு சங்கத்தில் அட்டை எழுதும் முறையை மாற்றினோம். முதல் வரியில், கேட்டவர் சொன்னது சொன்னபடி. ‘சாயத் தண்ணி கையத் தின்னுமா’ என்றால் அப்படியே. அதற்குக் கீழேதான் எங்கள் பிரிவும் எண்ணும். கல்லூரி நூலகர் கடைசிவரை இதை ஒழுங்கீனம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் எங்களில் மிக நீளமான முதல் வரிகளை எழுதியவர் அவர்தான்.

எழுபதுகள் முடிவதற்குள் சார் ஓய்வு பெற்றுப் போனார். பாஷா பாயின் படிப்பறை மூடப்பட்டது. இரண்டாம் ஞாயிறுகள் மெல்ல மெல்ல வெறும் ஞாயிறுகளாயின. நான் பெரிய சங்கம் ஒன்றிலும் சேர்ந்தேன். பெயர்ப்பலகை இருந்தது, ஆண்டு மலர் வந்தது, மாநாட்டில் சாம்பார் நன்றாக இருந்தது. குறை சொல்ல மாட்டேன்; சம்பளத்துக்கும் பதவிக்கும் அவர்கள் போராடியதில் எனக்கும் பங்கு கிடைத்தது.

சித்ரா, உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், அட்டைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற உன்னை உட்கார வைத்தார்கள். பட்டு டிராயரைத் திறந்த நீ, “இது என்ன மேடம், இவ்வளவு அழுக்கா ஒரு அட்டை” என்று கொண்டுவந்தாய். மற்ற அட்டைகளின் விளிம்பெல்லாம் பழுப்பேறி வெறுமையாக இருந்தது. இதன் தலையில் நீட்டிக்கொண்டிருந்த துண்டில் மட்டும் கறுப்பு, அரக்கு, நீலம், மஞ்சள் என்று விரல் விரலாகச் சாயக்கறை. வரைந்த கை கறைக்கு அடியில் பாதி மறைந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தச் சாயத் தொழிலாளிகளில் ஒருவர்கூட என்னிடம் வந்து கேட்டதில்லை. நேராக வந்திருக்கிறார்கள், கையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், யாரையோ படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எழுத்தையெல்லாம் ஏற்றிவிட்டு நீ கேட்டாய், “இந்தக் கைய எதுக்குக் கீழ மேடம் போடறது?” கம்ப்யூட்டரில் அதற்கு இடம் இல்லை. அட்டையை வாங்கி என் பையில் வைத்துக்கொண்டேன்.

சேர்ந்துவிடு. எந்தச் சங்கம் என்பதை நீயே முடிவு செய். என் சார்பில் அந்த அட்டையையும் இதோடு வைத்திருக்கிறேன், சந்தாவாக. முதல் கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்து, படிக்கத் தெரியாத ஒருத்தி இதை எப்படித் தேடுவாள் என்று அவர்களிடம் கேள். ஒருவேளை யாருக்குமே தெரியாமல் இருக்கலாம். அதையும் எழுது. ஆனால் நீ மட்டும் உட்கார்ந்து யோசித்துவிட்டு, வழி இல்லை மேடம் என்று எனக்குத் தனியாகப் பதில் போடாதே.